பொய்க்கு ஒரு வேளைச் சோறு

எங்கள் வீட்டில் ஒரு பொய்க்கு ஒரு வேளைச் சோறு தண்டனை. "பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது" என்று எல்லா வீட்டிலும்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அதைச் சட்டமாகவே நடத்தினார்கள். காலையில் பொய் சொன்னால் மத்தியானச் சோறு இல்லை. மத்தியானம் சொன்னால் இரவுச் சோறு இல்லை. இரவில் சொன்னால் மறுநாள் காலை ரொட்டியும் சம்பலும் இன்னொருத்தி வாய்க்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த இன்னொருத்தி என் அக்கா. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால், சின்ன வயதில் நான் ஒல்லியாகவே இருந்தேன்.

சட்டம் போட்டவர் அப்பா. அதை நிறைவேற்றியவர் அம்மா. அப்பா மாத்தளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தார். அவருடைய பாட்டனார் காலத்தில் உத்தியோகத்துக்காக வடக்கிலிருந்து வந்து, உக்குவளையில் தங்கிவிட்ட குடும்பம். ஊரை விட்டு வந்தாலும் ஊர்க் கட்டுப்பாட்டைத் தகரப் பெட்டியில் போட்டுக் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள் என்று அம்மா சில சமயம் முணுமுணுப்பார். விளக்கு வைத்த பிறகு தலை சீவக் கூடாது. சிரிக்கலாம், சத்தம் வாசலுக்குக் கேட்கக் கூடாது. ஆறு மணிக்குப் பிறகு கேற்றுக்கு வெளியே கால் வைக்கக் கூடாது. அப்பா எங்களை ஒரு நாளும் அடித்ததில்லை. எங்களைப் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அதுவே போதும்.

நான் சொல்ல வந்தது அக்கா பத்தாம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய டிசம்பர் மாதத்துக் கதையை. அப்போது எனக்கு எட்டு வயது.

அதற்கு முந்திய வருஷம்தான் இனக் கலவரம் நடந்து அடங்கியிருந்தது. மாத்தளையில் அத்தை வீட்டுக் கூரையில் கல் விழுந்து ஓடுகள் உடைந்திருந்தன. ஒரு வருஷமாகத் தகரத்தைப் போட்டு மூடி வைத்திருந்தவர்கள், அந்த டிசம்பரில்தான் ஓடு மாற்றத் தொடங்கினார்கள். மாமா வேலைக்காரர்களோடு அங்கேயே நின்றுகொண்டார். அத்தை மட்டும் வேலை முடியும்வரை எங்கள் வீட்டில் தங்குவதற்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். அத்தை அப்பாவுக்கு மூத்தவர். அப்பாவின் கைக்கடிகாரத்துக்கு நாங்கள் பயப்படுவதுபோல, அப்பா அத்தையின் பேச்சுக்குப் பயப்படுவார்.

பெட்டியைக் கீழே வைக்குமுன்பே அத்தை அக்காவைப் பற்றிக் கேட்டார். மூன்று வருஷமாக ஒவ்வொரு வருகையிலும் கேட்கிற அதே கேள்விதான். "என்ன, இன்னும் ஒண்ணும் இல்லையா?" அக்காவுக்குப் பதினைந்து முடிந்திருந்தது. அவளோடு படித்த பெண்கள் எல்லாம் பெரிய பிள்ளையாகி, சேலை கட்டிப் படம் எடுத்து, அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியாயிற்று. "இல்ல அண்ணி" என்று அம்மா, கடையில் ஏதோ சாமான் வாங்க மறந்துவிட்டவர் போலப் பதில் சொன்னார்.

எங்கள் ஆட்களில் ஒரு பெண் வயதுக்கு வந்தால் முப்பத்தொரு நாள் அறையில் இருத்துவார்கள். வாசலைத் தாண்டக் கூடாது. சாமி அறைப் பக்கம் போகக் கூடாது. சடங்கு முடியும்வரை ஆண்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது, பெற்ற தகப்பனும்கூட. முதல் தண்ணீர் வார்ப்பது அத்தையின் உரிமை. காத்துக் கறுப்பு அண்டாமல் அவள் கையில் எந்நேரமும் ஓர் இரும்பு இருக்க வேண்டும். அத்தையின் மகளை அப்படி இருத்தியிருந்தபோது நான் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரு மூலையில் பாயில் உட்கார்ந்து, மடியில் பாக்குவெட்டியை வைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த மாதம்தான் அவளுக்கும் சாதாரண தரச் சோதனை. எழுதவில்லை. அடுத்த வருஷம் எழுதலாம் என்றார்கள். அடுத்த வருஷம் அவளுக்குக் கலியாணம் நடந்தது.

அத்தைக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. "பொம்பளப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு போதும்" என்பார். மாமாவின் தம்பி மகன் ஒருவரை அக்காவுக்கென்று மனதில் குறித்தும் வைத்திருந்தார். அக்காவுக்கோ ரீச்சராக வேண்டும் என்று ஆசை. என்னைச் சுவரோரம் உட்கார வைத்து, கதவின் பின்பக்கத்தில் சோக்கால் எழுதி, நான் பிழை விட்டால் காதைத் திருகி, அந்த ஆசையை என் மேல் வளர்த்துக்கொண்டிருந்தாள். சோதனையில் தேறினால் மேலே படிக்கலாம். தேறாவிட்டாலோ, எழுதாமல் போனாலோ, மாமாவின் தம்பி மகன் இருக்கவே இருந்தார்.

சோதனை தொடங்கி இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அக்கா கிணற்றடியிலிருந்து மெதுவாக அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா போனார். இருவரும் ஏதோ பேசினார்கள். அக்கா அழத் தொடங்கினாள். உள்ளே சாமி அறையில் அத்தை மணி அடித்துக்கொண்டிருந்தார். அம்மா அந்த மணிச் சத்தம் வந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு வாளியில் தண்ணீர் அள்ளி அக்காவின் முகத்தைக் கழுவிவிட்டார்.

"அழாத. இன்னைக்கு என்ன பாடம்?"

"கணக்கு."

"போய் உடுத்து. கணக்க எழுதிட்டு வா."

அவ்வளவுதான். அக்கா வெள்ளை யூனிபோமுக்குள் அம்மாவின் கறுப்புப் பாவாடையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். அவள் வயதுக்கு வந்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியாது. பாவாடை ஏன் இரவல் போகிறது என்று கேட்க நினைத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அம்மா என்னை மதிலுக்கு அந்தப் பக்கத்து முஸ்லிம் வீட்டுக்கு அனுப்பினார். அங்கே கோழி வளர்த்தார்கள். ஒரு முட்டை வாங்கிவரச் சொன்னார். அந்த வீட்டு உம்மா, முட்டை யாருக்கு என்று கேட்டார். அக்காவுக்கு, பச்சையாக, நல்லெண்ணெய் ஊற்றிக் குடிக்க என்று உள்ளதைச் சொன்னேன். உம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துச் சிரித்தார். "நாளைக்கும் வா மக. ஒவ்வொரு நாளும் எடுத்து வக்கிறேன்" என்றார். காசு வேண்டாம் என்றும் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் அக்காவுக்கு ஏதோ யோகம் அடித்திருக்கிறது என்பது மட்டும் விளங்கிற்று.

மத்தியானம் அக்கா திரும்பிவந்ததும் அம்மா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு முட்டையை உடைத்தார். நான் கதவிடுக்கால் பார்த்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை, "பிள்ள ஏன் வாடிப் போயிருக்கு?" என்று கேட்டார். "கணக்குக் கஷ்டமாம் அண்ணி" என்றார் அம்மா. கணக்குச் சுகமாக இருந்தது என்று அக்கா கொஞ்ச நேரத்துக்கு முன்தான் குசினிக்குள் சொன்னதை நான் கேட்டிருந்தேன். அன்று அம்மா எல்லோருக்கும் பரிமாறினார். பிறகு தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தார். பிள்ளையின் சோதனைக்காக விரதம் பிடிக்கிறாயா என்று அத்தை மெச்சினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு ரசத்தை ஊற்றினார்.

பின்னேரம் அப்பா மாத்தளையிலிருந்து ரயிலில் வருவார். பள்ளிக்கூட விடுமுறையில் ஸ்டேஷனுக்குப் போய் அவர் குடையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்துவருவது என் வேலை. அன்று ஸ்டேஷன் வாசலைத் தாண்டுமுன்பே எனக்குப் பொறுக்கவில்லை. என் நியாயத்தை அப்பாவிடம் முறையிட்டேன்.

"அம்மா அக்காவுக்கு மட்டும் பச்ச முட்டையும் நல்லெண்ணெயும் குடுத்தாங்க. எனக்குக் குடுக்கல்ல."

அப்பா நின்றார்.

"எப்ப?"

"மத்தியானம். குசினிக் கதவச் சாத்திக்கிட்டு."

"அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாது. அத்தை சாமி அறையில இருந்தாங்க."

அப்பா வந்த வழியே திரும்பிப் போய், பிளாட்பாரத்து மரவாங்கில் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போகிற நேரத்தில் அப்பா எங்கேயும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆனாலும் எழும்பவில்லை. ரொம்ப நேரத்துக்குப் பிறகு, "அக்கா இன்னைக்குச் சோதன எழுதினாளா?" என்று கேட்டார். எழுதினாள் என்றேன். "ம்" என்றார். இருட்டத் தொடங்கியபோது, "கிணத்தடிப் பக்கத்தால போவோம்" என்று எழும்பினார். முன்வாசல் இருக்கப் பின்பக்கத்தால் போவதும் எங்கள் வீட்டில் புதிய வழக்கம்தான்.

மறுநாளிலிருந்து அப்பா மாறிப்போனார். அக்கா எழும்புமுன்பே சோற்றுப் பார்சலை எடுத்துக்கொண்டு விடியற்காலை ரயிலுக்குப் போய்விடுவார். அத்தை காரணம் கேட்டதற்கு, கந்தோரில் வருஷக் கடைசி வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்றார். ஆனால் பின்னேரம் வழக்கமான ரயிலிலேயே வந்து இறங்குவார். இறங்கி அந்த மரவாங்கில் உட்கார்ந்துகொள்வார். நான் பக்கத்தில். விளக்கு வைக்கிற நேரம் தாண்டும்வரை அங்கேதான் இருப்பு. வீட்டில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று முதல் நாளே கேட்டேன். பொய்க்கு அவர் வைத்திருந்த விலை எனக்குத் தெரியுமல்லவா.

அப்பா யோசித்தார். "கேட்டா உள்ளதச் சொல்லு. கேக்காட்டிச் சொல்ல வேண்டாம்" என்றார்.

இப்படி ஒரு வழி இருக்கிறது என்பது முன்பே தெரிந்திருந்தால் நான் எத்தனையோ வேளை சாப்பிட்டிருப்பேன்.

அந்த முதல் நாளே, புதன்கிழமை, சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய கவராயத்தை எடுத்து என்னிடம் தந்தார். வட்டம் கீறுகிற கவராயம்தான். அவர் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தது. துருப்பிடித்துக் கனமாக இருந்தது. "இத அக்காவோட பெட்டியில வை. சோதனைக்குப் போறப்ப எல்லாம் கையோட கொண்டு போகச் சொல்லு" என்றார்.

"கணக்கு முடிஞ்சு போச்சே அப்பா."

"பரவாயில்ல. எல்லாப் பாடத்துக்கும் கொண்டு போகட்டும்."

அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளிடம் பளபளவென்று புதியது ஒன்று இருந்தது. "சைவ சமயத்துக்குமா கவராயம்?" என்று சிரித்தாள். ஆனால் அப்பா சொன்னதைத் தட்டிப் பழக்கமில்லாதவள், அதனால் பெட்டிக்குள் போட்டுக்கொண்டாள்.

கவராயத்தைத் தந்ததோடு, அப்பா பையிலிருந்து சோற்றுப் பார்சலையும் எடுத்தார். காலையில் அம்மா கட்டிக் கொடுத்தது, கட்டுப் பிரியாமல் அப்படியே இருந்தது. "பசிக்குதா?" என்றார். எட்டு வயதில் எப்போது பசிக்காது. கடதாசியைப் பிரித்தால் வாழையிலை வாட்டிய வாசம். சோறு, பருப்பு, பொரித்த வாழைக்காய், ஓரத்தில் ஒரு மோர் மிளகாய். அந்த ருசிக்கு நான் இன்றுவரை ஒன்றும் சாப்பிட்டதில்லை. அடுத்த நாளும் தந்தார். அதற்கடுத்த நாளும். வீட்டுக்குப் போனால் இராச் சாப்பாடு எனக்கு இறங்காது. அத்தை இரண்டு நாள் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு வயிற்றில் பூச்சி என்று தீர்மானித்து, ஒரு கசப்பு மருந்தை மூக்கைப் பிடித்து ஊற்றினார். போதாததற்கு, அக்காவின் முட்டையையும் கண்டுபிடித்துவிட்டார். சோதனைக்கு ஞாபகசக்தி வேண்டும் என்று கொடுப்பதாக அம்மா சொன்னதும், அப்படியானால் சின்னவளுக்கும் கொடு என்று உத்தரவு வந்தது. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். யோகம் என்று நினைத்துப் பொறாமைப்பட்டதற்கு அதுவே தண்டனை.

அக்காவின் துக்கம் வேறு. அப்பா அவள் முகத்தையே பார்ப்பதில்லை. இரவில் வந்தால் முன் விறாந்தையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். அவள் அந்தப் பக்கம் வருகிற சத்தம் கேட்டால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். "நான் என்ன செஞ்சேன்? ஏன் கோவம்?" என்று அக்கா என்னிடம் கேட்டு அழுதாள். அம்மாவோ, நல்லதாய்ப் போயிற்று என்று பெருமூச்சு விட்டார். அப்பாவின் கண்ணுக்குத் தப்புவது எப்படி என்றுதான் அவருக்குப் பெரிய பயமாக இருந்திருக்க வேண்டும். நான் என் பங்குக்கு, அக்கா கணக்கைப் பிழையாகத்தான் எழுதியிருக்கிறாள், அப்பாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன்.

வெள்ளிக்கிழமை எல்லாம் கெட்டுப்போகப் பார்த்தது. அக்கா காலையில் அவசரம் அவசரமாக ஓடுவதால், சாமி அறைக்குள் போகாததை மூன்று நாள் யாரும் கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அத்தை கற்பூரத் தட்டோடு வழியில் நின்றுகொண்டார். "உள்ள வந்து கும்பிட்டுட்டுப் போ. என்ன பிள்ள நீ, மூணு நாளா சாமியையே எட்டிப் பாக்கல்ல?" அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கையில் அகப்பை அப்படியே நின்றது. சாமி காரியத்தில் பொய் சொல்ல அம்மாவுக்கு முடியவில்லை. அத்தை அம்மாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

அப்போது முற்றத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. விடியற்காலையில் போனவர், குடையை மறந்து திரும்பி வந்து, விறாந்தையில் தொங்கியதை எடுத்திருக்கிறார். வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கேற்றைப் பார்த்தபடி நின்றார்.

"பஸ் வந்திட்டுது. நேரத்துக்குப் போகாட்டி உள்ள விட மாட்டாங்க. போற வழியில பிள்ளையார் இருக்காரு, ரோட்டுல நின்னு கும்பிட்டாப் போதும். போகச் சொல்லுங்க."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா திரும்பவில்லை. கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்தார். அக்கா பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவள் கேற்றைத் தாண்டும்போது அப்பா குடையை விரித்தார். மழை பெய்யவில்லை. பஸ்ஸும் வந்திருக்கவில்லை, அதற்கு இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது. அப்பாவின் நேரப் பைத்தியம் நல்ல வேளையாகக் கைகொடுத்தது என்று அம்மா நினைத்துக்கொண்டார். நான் அப்பாவின் கடிகாரம் பிழையாக ஓடுகிறது என்று நினைத்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அப்பா பார்சலைக் கட்டிக்கொண்டு அத்தை வீட்டு ஓட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். தம்பிக்கு என் மேல் எவ்வளவு பாசம் என்று அத்தை கண் கலங்கினார். பின்னேரம் வழக்கம்போல மரவாங்கு, வழக்கம்போல என் கையில் சோறு.

அடுத்த வியாழக்கிழமை கடைசிப் பாடம். அதற்கு முதல் நாள் அம்மா, அத்தை குளிக்கப் போன நேரத்தில், பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தார். ஒரு துண்டில் ஏதோ எழுதி இடுப்பில் செருகிக்கொண்டார். வியாழக்கிழமை பின்னேரம், சோதனை முடிந்து அக்கா வீட்டுக்கு வந்து, ஒரு மணித்தியாலம் கழித்து, அம்மா கிணற்றடியிலிருந்து ஓடிவந்து அத்தையின் கையைப் பிடித்தார். "அண்ணி, பிள்ள பெரிய மனுசியாயிட்டா." நேரத்தையும் நிமிஷத்தோடு சொன்னார். நல்ல நேரம் பார்த்து வயதுக்கு வந்தவள் உலகத்திலேயே என் அக்கா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அத்தை போட்ட குரவைச் சத்தம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டது. எனக்குத் தெரியும், நான் அங்கேதான் அப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாவது பார்சல் பாதி முடிந்திருந்தது. அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாப்பிட்டு முடி. இன்னைக்கு முன்வாசலாலயே போகலாம்" என்றார்.

அத்தை தண்ணீர் வார்த்தார். அத்தையே அறையில் பாய் போட்டு, பாக்குவெட்டியை அக்காவின் கையில் கொடுத்தார். சாத்திரியார் அம்மா சொன்ன நேரத்தைக் கொண்டு சாதகம் கணித்தார். கல்வி ஸ்தானம் இவ்வளவு பலமாக இருக்கிற சாதகத்தைத் தான் பார்த்ததில்லை, இந்தப் பிள்ளையின் படிப்பை யாரும் தடுக்கக் கூடாது என்றார். அத்தை அதை உக்குவளை முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாமாவின் தம்பி மகனைப் பற்றிய பேச்சு அதோடு நின்றுபோயிற்று. பிறகு அந்தச் சாதகத்தை வைத்துத்தான் அக்காவுக்குக் கலியாணமும் பொருத்தம் பார்த்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லாத மனிதர் வாய்த்தார்.

முப்பத்தொன்றாம் நாள், சேலை கட்டி மாலை போட்டு அக்காவை வெளியே கூட்டி வந்தபோது, அப்பா ஒரு மாதத்துக்கு மேலாகப் பார்க்காத முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். ஆசீர்வாதம் செய்ய எடுத்த அறுகும் அரிசியும் கையிலேயே இருந்தன. பிறகு கேட்டார். "சோதன எப்படி எழுதின?" சபையில் எல்லோரும் சிரித்தார்கள். "நல்லா எழுதினேன் அப்பா" என்றாள் அக்கா. நன்றாகத்தான் எழுதியிருந்தாள். ரீச்சரானாள்.

இதெல்லாம் நடந்து இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு, சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு காலத்தில், அக்காவின் மகளுக்கு மாத்தளையில் மண்டபம் எடுத்துச் சடங்கு செய்தார்கள். காலம் எவ்வளவு மாறியிருந்தது. அந்தப் பெண் தன் தகப்பனுக்குத் தானே போன் எடுத்து விஷயத்தைச் சொன்னாளாம். அன்று பின்னேரமே டியூஷனுக்கும் போய்வந்தாளாம். பாயும் இல்லை, பாக்குவெட்டியும் இல்லை. வீடியோக்காரர் சொன்ன பக்கமெல்லாம் திரும்பிச் சிரித்தாள், சத்தம் வாசலுக்குக் கேட்டது. எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, அக்கா வீட்டு விறாந்தையில் தட்டங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அம்மா அந்த டிசம்பரை எங்களிடம் முழுவதுமாகச் சொன்னார். அப்பா காலமாகி ஆறு வருஷம். அத்தையும் போய்விட்டார்.

"உங்க அத்தைய ஏமாத்தினதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார் அம்மா. "உங்கப்பாவத்தான். ஒரு பொய்யும் பொறுக்காத மனுசன். அவர்கிட்ட இந்தப் பெரிய பொய்ய மறச்சிட்டேன். ஆஸ்பத்திரியில இருந்தப்ப சொல்லிடலாம்னு போனேன். வாய் வரல்ல. அது ஒண்ணுதான் நெஞ்சுக்குள்ள கிடக்குது."

தட்டம் துடைக்கிற துணியால் கண்ணைத் துடைத்தார்.

"அம்மா, அப்பாவுக்குத் தெரியும்" என்றேன்.

முட்டையைப் பற்றி நான் முறையிட்டதையும், அப்பா மரவாங்கில் உட்கார்ந்ததையும், வேலை என்று சொல்லிவிட்டு அங்கேயே இருட்டும்வரை இருந்ததையும் சொன்னேன். அம்மா நம்பாமல் என்னைப் பார்த்தார். கவராயத்தைச் சொன்னதும் அக்கா எழும்பி உள்ளே போனாள். அவள் மேசை லாச்சியில், சிவப்புப் பேனைகளுக்கும் சோக்குத் துண்டுகளுக்கும் நடுவில் அது இன்னமும் இருந்தது. கொண்டுவந்து அம்மாவின் கையில் வைத்தாள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துருவை விரலால் தடவினார்.

"இரும்பு" என்றார்.

அக்கா சுவரில் சாய்ந்து அழுதாள். சைவ சமயத்துக்கும் கவராயம் கொண்டுபோனவள் அல்லவா. அம்மா அழவில்லை. அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. அத்தனை வருஷத்துப் பாரம் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

"கள்ள மனுசன்" என்றார் அம்மா. அப்பாவை அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் பேப்பரத் தூக்கிப் பிடிச்சிருக்காரு. நான் பொய் சொன்ன குத்தத்துக்கு, அவர் போட்ட சட்டத்துக்கு, ஒவ்வொரு நாளும் மத்தியானம் வெறும் தண்ணியக் குடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். அவரும் பொய்தானே சொன்னாரு, கந்தோர்ல வேலன்னு. சட்டம் போட்டவரு மட்டும் நான் கட்டிக் குடுத்த சோத்த வயிறாரச் சாப்பிட்டுட்டு வந்திருக்காரு பாரு." சொல்லிவிட்டுச் சின்னப் பெண் போலச் சிரித்தார்.

நான் கையிலிருந்த தட்டத்தைக் கீழே வைத்தேன். அம்மாவுக்கு உள்ளதைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

ஒன்பது நாளும் அந்தச் சோற்றைத் தின்றவள் நான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, நான் கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்று முடிக்கும் மட்டும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கந்தோரில் அவருக்கு நல்ல சாப்பாடு கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.